மன்னவனூர், பூம்பாறை: கொடைக்கானல் நகரில் தங்காமல் அங்கேயே இரண்டு நாள் தங்கலாமா?

திருச்சிவாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மார்கழி விடுமுறையில் என் தாயாரையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு, மன்னவனூர், பூம்பாறை போன்ற சிற்றூர்கள் உள்ள கொடைக்கானல் மேல்மலைக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். நகரத்தின் ஏரி, படகு, கடைவீதி ஆகியவற்றை முன்பே இருமுறை பார்த்துவிட்டோம். இம்முறை ஒரு சிற்றூரில் தங்கி, காலையில் எழுந்து மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி உண்டு. மன்னவனூரில் தங்குவது நல்லதா, அல்லது நகரத்தில் தங்கிக்கொண்டு ஒரு நாள் மட்டும் அங்கே சென்று திரும்புவது நல்லதா? குளிர் எப்படி இருக்கும், உணவு கிடைக்குமா, பேருந்து உண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைப்பாதை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் திண்டுக்கல்லில் இருப்பவன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது மேல்மலைக்குப் போய்வருகிறேன். தயங்காமல் அங்கேயே தங்குங்கள் என்றுதான் சொல்வேன். கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வளைவுகள் நிறைந்த குறுகிய சாலை என்பதால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் அதில் மூன்று மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும். நகரத்திலிருந்து புறப்படும் வண்டிகள் எல்லாம் நண்பகலில்தான் மன்னவனூரை அடைகின்றன. அந்த ஊரின் அழகோ காலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் இருக்கிறது. மூடுபனி ஏரியை விட்டு மெல்ல விலகி, புல்வெளியின் மேல் முதல் வெயில் படும் அந்த வேளையில் அங்கே இருப்பவர்கள் ஊரில் தங்கியவர்கள் மட்டுமே.

தங்கும் அறையைப் பதிவு செய்வதற்கு முன் அறைக்கு வண்டி நேராகப் போகுமா என்று கட்டாயம் கேளுங்கள். சென்ற ஆண்டு என் பெரியம்மாவை அழைத்துச் சென்றபோது அதைக் கேட்கத் தவறிவிட்டேன். சாலையிலிருந்து அறைக்கு நனைந்த மண்படிகளில் இறங்க வேண்டியிருந்தது. நானும் தம்பியும் இருபுறமும் கைத்தாங்கலாகப் பிடித்துத்தான் அவரை இறக்கினோம். அதன்பின் அவர் இரண்டு நாளும் அறையை விட்டு வெளியே வரவே அஞ்சினார். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு இதுவே முதன்மையான கேள்வி.

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. பாரத் மெரினோ என்ற கம்பளி ஆட்டினத்தையும் முயல்களையும் அங்கே வளர்க்கிறார்கள். அடர்ந்த கம்பளியோடு நூற்றுக்கணக்கான ஆடுகள் சரிவில் ஒன்றாக இறங்கி வருவதை உங்கள் மகன் எளிதில் மறக்க மாட்டான். வனத்துறையின் பொறுப்பில் உள்ள ஏரியில் பரிசல் சவாரி உண்டு. ஆனால் நுழைவிடத்திலிருந்து ஏரிக்கரை வரை சரிவில் இறங்கி ஏற வேண்டும். அம்மா மேலேயே அமர்ந்து பார்க்கலாம், அங்கிருந்தே முழு ஏரியும் தெரியும்.

சொந்த வாகனத்தில் வருவதானால் இணைய வழியில் இ-பாஸ் என்னும் வாகன அனுமதிச் சீட்டை எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த முறை நடைமுறையில் உள்ளது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு அது தேவையில்லை. பெட்ரோல், மருந்து, பணம் மூன்றையும் கொடைக்கானலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்து வாருங்கள்.

வேலப்பன்துணை எழுதியது:

அக்கா, எனக்குப் பூம்பாறைதான் ஊர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூண்டு விவசாயம். மன்னவனூருக்குப் போகும் வழியில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. பெரும்பாலானோர் சாலையோரக் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி, அடுக்கடுக்கான தோட்டங்களையும் தகரக் கூரைகளையும் படம் எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடுகிறார்கள். நீங்கள் ஊருக்குள் வாருங்கள். குழந்தை வேலப்பர் கோயில் பழனித் திருக்கோயிலைச் சேர்ந்தது. மூலவரைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது எங்கள் முன்னோர் சொல்லி வரும் நம்பிக்கை. தைப்பூசத்தை ஒட்டித் தேரோட்டம் நடக்கும். தெருக்கள் சரிவானவை என்பதால் தேருக்கு முன்னும் பின்னும் வடம் உண்டு. இறக்கத்தில் தேர் ஓடிவிடாமல் பின்வடத்தைப் பிடித்து நிறுத்துவதற்குத் தனித் திறமை வேண்டும். என் அப்பா பின்வடம் பிடிப்பவர். தேர் நிலைக்கு வந்த பிறகு அவருடைய உள்ளங்கை சிவந்து கன்றியிருக்கும்.

பூண்டு வாங்க விரும்பினால் தோட்டக்காரர்களிடமே கேட்டு வாங்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு, வெளியிலிருந்து வரும் பூண்டையும் மலைப்பூண்டு என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் மண்ணோடு போராடுபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வலி என்பதை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை. நாங்கள் பூண்டைத் தண்டோடு கட்டி, பரணில் தொங்கவிட்டு, கீழே புகை மூட்டுவோம். ஆகவே மேல்தோல் பழுப்பேறி, கையில் எடுத்தாலே புகைவாசம் வரும். ஒரு பல்லை நசுக்கிப் பாருங்கள். நெடி மூக்கில் ஏறும், விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். எங்கள் பூண்டு பெரும்பாலும் பெரியகுளத்துக்கு அருகே உள்ள வடுகபட்டிச் சந்தைக்குத்தான் போகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள்: படம் எடுப்பதற்காக யாரும் தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம். மண்ணைத் தாங்கி நிற்கும் வரப்பை ஒருவர் மிதித்துச் சரித்துவிட்டால், அடுத்த மழையில் கீழே உள்ள தோட்டத்துக்கும் சேர்த்து மண் இறங்கிவிடும். உரிமையாளரிடம் கேட்டால் அவரே நல்ல வழியாக அழைத்துச் செல்வார், பெரும்பாலும் தேநீரும் கொடுப்பார்.

கிளாவரைப்பயணி எழுதியது:

பேருந்து பற்றி மட்டும் சொல்கிறேன். கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை ஆகிய ஊர்களுக்குப் பேருந்துகள் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் நிலையத்தில் நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கிளாவரையோடு பேருந்துச் சாலை முடிந்துவிடுகிறது. மூணாறு வரைபடத்தில் அருகில் தெரிந்தாலும் இந்த வழியாக வாகனத்தில் போக இயலாது. மாலை ஐந்தரைக்குப் பின் சாலையில் காட்டெருமைகள் நிற்கும். வண்டியை நிறுத்தி, விளக்கைத் தணித்து, அவை தாமாக விலகும் வரை காத்திருக்க வேண்டும். மார்கழியில் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி விழும். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறையும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம் வேண்டும்.

திருச்சிவாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தேரின் பின்வடம் பற்றிய பகுதியை இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார். வண்டி வாசல் வரை வரும் என்று உறுதி சொன்ன ஓர் இல்லத்தில் மன்னவனூரில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்துவிட்டோம். திரும்பும் வழியில் அரை நாள் பூம்பாறைக்கு. தம்பி, கோயில் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.