ஷெங்கன் விசா: ஒருவருக்குக் கிடைத்தது, ஒருவருக்கு மறுப்பு. அடுத்து என்ன?

ராணிப்பேட்டை_ஃபினிஷிங்:
வணக்கம். சிப்காட்டில் ஃபினிஷ்டு லெதர் யூனிட் எங்களுடையது. மிலான் தோல் கண்காட்சிக்காக முதலாளியும் மெர்ச்சண்டைசர் தம்பியும் ஒரே நாளில் சென்னையில் இத்தாலி வழியாக ஷெங்கன் விசாவுக்கு (29 ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) கொடுத்தார்கள். நேற்று இரண்டு கவரும் வந்துவிட்டன. முதலாளி பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் இருக்கிறது. தேதி 14 செப்டம்பர் முதல் 8 அக்டோபர் வரை, தங்கும் நாட்கள் 10, என்ட்ரி 01. இதில் எந்தக் கணக்கை எடுப்பது? நடுவில் இஸ்தான்புல் போய் ஒரு பார்ட்டியைப் பார்த்துவிட்டு மிலான் திரும்பலாமா?

தம்பிக்கு மறுப்பு. படிவத்தில் இரண்டு கட்டத்தில் டிக் இருக்கிறது: பயண நோக்கம் பற்றிய தகவல் நம்பத்தக்கதாக இல்லை, விசா முடிவதற்குள் திரும்புவார் என்பதில் சந்தேகம். கிளம்ப இன்னும் ஐந்து வாரம்தான். அப்பீல் செய்வதா, புதிதாகப் போடுவதா? பிரான்ஸ் விசா போட்டால் சீக்கிரம் வரும் என்கிறார் ஏஜென்ட்.

ஆம்பூர்_ஷூ_அப்பர்:
முதலில் ஸ்டிக்கர். அவர் தங்கக்கூடியது 10 நாள் மட்டுமே. பயணம் ஓரிரு நாள் தள்ளிப்போனால் சமாளிக்க, கேட்ட நாட்களோடு 15 நாள் கூட்டித் தேதி போடுவார்கள். உங்கள் 10 நாளோடு 15 சேர்த்தால் 25, அதனால்தான் அக்டோபர் 8. அந்த 25 நாளுக்குள் எந்த 10 நாளும் இருக்கலாம். இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். செப்டம்பர் 14 இரவு பதினொன்றரைக்கு இறங்கினாலும் அது முதல் நாள். 23ஆம் தேதி பத்தாவது நாள். ஃபிராங்ஃபர்ட் வழியாகத் திரும்பினால் எக்ஸிட் பதிவாவது மிலானில் அல்ல, ஃபிராங்ஃபர்ட்டில். அங்கே நள்ளிரவு தாண்டி கவுண்டருக்குப் போனால் பதினோராவது நாள் ஆகிவிடும். டிக்கெட் போடும்போதே இதைப் பாருங்கள், அடுத்த விசாவில் இது பெரிய பிரச்சினையாகும்.

இஸ்தான்புல் நடுவில் வேண்டாம். துருக்கி ஷெங்கனில் இல்லை. ஒற்றை என்ட்ரியில் வெளியே கால் வைத்தால் விசா அத்தோடு சரி, மீதி நாள் இருந்தாலும் மிலானுக்குள் திரும்ப முடியாது. போயே ஆக வேண்டும் என்றால் துருக்கி விசா எடுத்து, ஊர் திரும்பும் வழியில் கடைசியாகப் போகட்டும். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்றால் தடையில்லை, எல்லாம் உள்ளேதான்.

ஸ்டிக்கரில் பாஸ்போர்ட் நம்பரையும் பெயரையும் இன்றே எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் பக்கம் சர்நேம் காலியாக, இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சேர்த்து எழுதிய பாஸ்போர்ட்டுகள் நிறைய. தவறு இருந்தால் கிளம்புவதற்கு முன்பே விசா மையம் வழியாகத் திருத்தச் சொல்ல வேண்டும். அழைப்புக் கடிதம், ஹோட்டல் புக்கிங், இன்சூரன்ஸ், ரிட்டர்ன் டிக்கெட் நான்கும் பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் இருக்கட்டும். ஸ்டிக்கர் இருந்தாலும் எல்லையில் கேட்பார்கள், திருப்தி இல்லையென்றால் திருப்பி அனுப்பவும் முடியும்.

காட்பாடி_டாக்குமெண்ட்:
தம்பி விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலி மறுப்பை எதிர்த்து ரோமில் உள்ள லாட்சியோ நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம், கெடு 60 நாள். ஆனால் இத்தாலிய வக்கீல் வைக்க வேண்டும், செலவும் காலமும் கண்காட்சிக்கு ஒத்துவராது. (ஜெர்மனி மறுப்பு வாங்கியவர்கள் கவனிக்க: தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் போடும் பழைய வழியை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள்.) உங்களுக்குப் புது விண்ணப்பம்தான் வழி. காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது. 90 யூரோ கட்டணமும் சர்வீஸ் சார்ஜும் மறுபடி கட்ட வேண்டும், பழையது திரும்ப வராது. முடிவெடுக்க 15 நாள் என்பது விதி, ஆனால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். ஆகவே இந்த வாரமே கொடுத்தாக வேண்டும்.

அதே ஃபைலைத் திரும்பக் கொடுத்தால் அதே டிக்தான் வரும். நோக்கம் என்ற டிக்குக்கு அழைப்புக் கடிதம் ஒன்று போதாது. தம்பி ஏன் போக வேண்டும் என்பதை லெட்டர்ஹெட்டில் எழுதுங்கள்: எந்த ஆர்ட்டிகிள் (தோல் ரகம்), எந்தப் பையர், எந்தத் தேதியில் எந்த ஸ்டாலில் சந்திப்பு. பையரோடு நடந்த மின்னஞ்சல், பழைய இன்வாய்ஸ், ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதி எண்) நகல் வையுங்கள். பெரும்பாலும் இடறுவது பதவியின் பெயரில்: விண்ணப்பத்தில் மேனேஜர், நியமனக் கடிதத்தில் மெர்ச்சண்டைசர், சம்பளச் சீட்டில் சூப்பர்வைசர். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். செலவை யார் ஏற்கிறார் என்பதும் அப்படியே. படிவத்தில் 'நானே' என்று டிக் செய்துவிட்டு, கடிதத்தில் 'கம்பெனி ஏற்கும்' என்று இருந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

திரும்புவார் என்பதற்கு இங்குள்ள வேர்களைக் காட்ட வேண்டும். பி.எஃப். பாஸ்புக், ஃபார்ம் 16, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், லீவு அனுமதிக் கடிதம், மனைவி குழந்தை விவரம். பட்டா, வில்லங்கச் சான்று தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு சேருங்கள். முந்தைய மறுப்பை மறைக்காமல் கவரிங் லெட்டரிலேயே தேதியோடு சொல்லி, எந்தக் குறைக்கு இப்போது எந்த ஆவணம் என்று வரிசையாக எழுதுங்கள்.

பேர்ணாம்பட்டு_பாய்:
ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். மறுப்பு வி.ஐ.எஸ். என்ற ஷெங்கன் நாடுகளின் பொது விசாப் பதிவில் ஏறிவிட்டது, 29 ஷெங்கன் நாடும் அதைப் பார்க்கும், ஐந்து வருடம் இருக்கும். அதிக நாள் தங்கும் நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கண்காட்சி மிலானில், விசா பாரிஸுக்கு என்றால், 'தகவல் நம்பத்தக்கதாக இல்லை' என்று முதலில் சொன்னதை நாமே மெய்ப்பித்ததாகிவிடும்.

ராணிப்பேட்டை_ஃபினிஷிங்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி பாய். ஒரு சிக்கல். தம்பிக்குப் பாதிச் சம்பளம் பேங்கில், மீதி வவுச்சரில் கையில். கணக்கில் இருப்பு குறைவு. முதலாளி இப்போது இரண்டு லட்சம் போட்டுவிடலாம் என்கிறார்.

காட்பாடி_டாக்குமெண்ட்:
போட வேண்டாம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று வரும் தொகையைத்தான் முதலில் பார்ப்பார்கள். செலவு முழுவதும் கம்பெனியுடையது என்று காட்டுங்கள்: கம்பெனியின் ஆறு மாத ஸ்டேட்மெண்ட் பேங்க் முத்திரையோடு, ஐ.டி. ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. சான்று, டிக்கெட்டும் ஹோட்டலும் கம்பெனி கணக்கிலிருந்து கட்டிய ரசீது. தம்பியின் ஸ்டேட்மெண்ட் இருக்கிறபடியே போகட்டும். சம்பளச் சீட்டில் பேங்கில் வரும் தொகைதான் இருக்க வேண்டும். வவுச்சர் தொகையைக் கூட்டிப் புதுச் சீட்டு அடித்தால் ஃபார்ம் 16-ஓடு இடிக்கும், அப்புறம் ஆவணமே பொய் என்ற டிக் விழும். அடுத்த மாதத்திலிருந்து முழுச் சம்பளத்தையும் பேங்கிலேயே போடச் சொல்லுங்கள், பிப்ரவரி கண்காட்சிக்கு உதவும்.

மறுப்புப் படிவத்தின் அசலைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு பிரிட்டன் விசா போட்டால், எந்த நாடாவது மறுத்ததா, எப்போது, ஏன் என்று படிவத்திலேயே கேட்பார்கள்.