மொஹாவி பாலைவனம்: இருந்ததை இருந்த இடத்திலேயே விட்டு வந்த அனுபவங்கள்

தொடக்கப் பதிவு, ஹெண்டர்சன், நெவாடா

இங்கே குடிவரும் நம்மவர் பலர் லாஸ் வேகஸ் எல்லையைத் தாண்டியதும் "ஒண்ணுமே இல்லாத காடு" என்று சொல்லிக்கொண்டே காரை விரட்டிப் போய்விடுகிறார்கள். நெவாடா நிலத்தில் 80 சதவீதம் போல நடுவண் அரசின் கையில் இருக்கிறது. அதில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்வது பி.எல்.எம். என்ற நில மேலாண்மைத் துறை. மிச்சத்தில் வனவிலங்குப் புகலிடங்களும் தேசியப் பூங்காக்களும் உண்டு. பெரும்பாலான இடங்களுக்கு யாரும் போகலாம், நடக்கலாம், பல இடங்களில் கூடாரம் அடித்தும் தங்கலாம். அப்படிப் போன இடத்தில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சித்தப்பாவையும் சித்தியையும் ஏப்ரல் மாதம் ஒருநாள் பாலைவனத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். முந்தின வாரம் மழை பெய்திருந்ததால் மஞ்சள் பூக்கள் தரையெல்லாம் இருந்தன. மண்சாலையின் ஓரத்தில் ஓர் ஆமை நின்று பூவைத் தின்றுகொண்டிருந்தது. மொஹாவி பாலைவன ஆமை. இதன் வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் வளைக்குள்ளேயே கழிகிறது என்பதால், வெளியில் கண்ணில் படுவது பெரிய விஷயம். சித்தப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். "பாவம்மா, இந்த வெயில்ல நாக்கு வறண்டு கிடக்கும். ரெண்டு மடக்கு ஊத்திட்டு வந்துடறேன்."

நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவருடைய இரக்கத்தில் தவறில்லை. ஆனால் அந்த ஆமை தனக்கு வேண்டிய தண்ணீரைத் தன் சிறுநீர்ப்பையிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குடிக்காமல் வாழும் பிராணி. யாராவது கிட்டே போய்த் தூக்கினால் பயத்தில் அதை அப்படியே வெளியே விட்டுவிடும். அடுத்த மழை எப்போது வரும் என்று தெரியாத ஊரில் அந்தச் சேமிப்பு போனால், கோடையில் அது செத்துப்போகலாம். செல்ஃபிக்காகத் தூக்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. வண்டி வரும் சாலையின் நடுவில் நின்றால் மட்டும், மெதுவாக, சாய்க்காமல் எடுத்து, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சாலையைத் தாண்டி வைக்கலாம்.

சாப்பிட்டு முடித்ததும் இன்னொன்று நடந்தது. சித்தி புளியோதரையில் ஒரு பிடியை எடுத்துக் கல்லின் மேல் வைக்கப் போனார், காக்கைக்கு. ஊரில் நாம் எல்லோரும் செய்வதுதான். இங்கே இருப்பது அண்டங்காக்கையின் பெரிய இனம். குப்பை, சாலையில் அடிபட்ட விலங்குகள், கூடு கட்ட மின்கம்பங்கள் என்று மனிதர்கள் கொடுத்த வசதியால் கடந்த அரை நூற்றாண்டில் மொஹாவியில் அவை பல மடங்கு பெருகிவிட்டன. ஆமைக் குஞ்சின் ஓடு முதல் சில வருடங்கள் மென்மையாகவே இருக்கும். காகம் அதைக் கொத்தித் துளைத்துத் தின்றுவிடும். ஓர் ஆமை முட்டையிடும் வயதுக்கு வரப் பன்னிரண்டு, பதினைந்து வருடங்களுக்கு மேலாகும் என்றால், குஞ்சுகள் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று பாருங்கள். 1990 முதல் இந்த ஆமை அழிவை எதிர்நோக்கும் இனப் பட்டியலில் இருக்கிறது. சொன்னதும் சித்தி சோற்றைத் திரும்ப டப்பாவில் போட்டுக்கொண்டார். வண்டியை எடுக்கும் முன் சித்தப்பாவே குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்த்தார். நிழலுக்காக ஆமைகள் காருக்கடியில் வந்து படுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தேன்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து

அக்கா, எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. ஆனால் அது விலங்கு இல்லை, குப்பை.

எங்கள் தன்னார்வக் குழு கலிபோர்னியா பக்கத்து மொஹாவியில் துப்புரவு வேலைக்குப் போயிருந்தது. முதல் ஒரு மணி நேரம் பீர் பாட்டில்கள், தோட்டா உறைகள், மெத்தை, டிவி. ஜிகினாத் தாளில் செய்த பிறந்தநாள் பலூன்கள் மட்டும் ஒரு பை நிறையக் கிடைத்தன. நகரத்தில் விட்ட பலூன் இவ்வளவு தூரம் காற்றில் வந்து முட்புதரில் மாட்டுகிறது. பளபளப்பைப் பார்த்து ஆமை அதைக் கடிக்கிறது.

பிறகு ஒரு மேட்டைத் தாண்டினால் துருப்பிடித்த தகர டப்பாக்கள், நூறுக்கு மேல் இருக்கும். பையை விரித்துக்கொண்டு ஓடினோம். கூட வந்த தொல்லியலாளர் கத்தியே விட்டார், "தொடாதீங்க!" என்று. அவர் மண்டியிட்டு ஒன்றைத் தொடாமலேயே காட்டினார். மேல்மூடியின் நடுவில் ஒரு வட்டத் தகடு, அதில் ஈயத்தால் அடைத்த சிறு துளை. உணவை அடைத்துச் சூடாக்கும்போது ஆவி வெளியேற விட்ட துளையைக் கடைசியில் ஈயச் சொட்டு வைத்து மூடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளிம்பை மடித்து அடைக்கும் டப்பாக்கள் வந்ததும் இந்த வகை மெல்ல மறைந்துபோனது. பக்கத்திலேயே இளம் ஊதா நிறத்தில் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. அன்றைக்குக் கண்ணாடியைத் தெளிவாக்க மாங்கனீஸ் கலந்தார்கள். வெயிலில் பல ஆண்டுகள் கிடந்தால் அது ஊதாவாக மாறும். முதல் உலகப்போர்க் காலத்தோடு அந்த வழக்கம் நின்றுபோனதால், ஊதாக் கண்ணாடியைப் பார்த்தாலே காலத்தைக் கணிக்கலாம்.

அது ஒரு சுரங்கத் தொழிலாளர் முகாம். கட்டடம் எதுவும் இல்லை, பெயர்ப் பலகை இல்லை, ஆவணங்களிலும் ஒன்றும் இல்லையாம். அங்கே எத்தனை பேர் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு காலம் தங்கினார்கள் என்று சொல்ல அந்த டப்பாக்கள் மட்டும்தான் மிச்சம். அதுவும் கிடந்த இடத்தில் கிடந்தால்தான். சமையல் நடந்த இடத்தில் ஒரு குவியல், கூடாரம் இருந்த இடத்தில் வேறு பொருள்கள் என்று அவர் கிடப்பை வைத்தே முகாமின் வரைபடத்தைப் போட்டுக்காட்டினார். பையில் அள்ளிப்போட்டிருந்தால் அது வெறும் பழைய இரும்பு.

பொது நிலத்தில் 50 வருடங்களுக்கு மேற்பட்ட பொருளை வரலாற்றுச் சின்னமாக இருக்கக்கூடியது என்று எடுத்துக்கொள்வது இங்கே நடைமுறை. 100 வருடம் தாண்டிய தொல்பொருளை எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். துப்புரவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். நல்ல மனதோடு செய்யும் வேலை ஒரு முகாமையே துடைத்துப் போட்டுவிடும்.

பீனிக்ஸிலிருந்து

ஹெண்டர்சனுக்குப் பக்கத்திலேயே ஸ்லோன் கேன்யன் இருக்கிறது, போயிருப்பீர்கள். 2002-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட பாறைப் பரப்புகளில் ஏறக்குறைய 1,700 செதுக்கல்கள். காய்ந்த ஓடையில் ஏறிப் போனால் இருபுறமும் பாறைகளில் கொம்புள்ள ஆடுகள், மனித உருவங்கள், என்னவென்று நமக்குப் புரியாத கோடுகள்.

என் மகள் விரலை வைத்துக் கோட்டின் மேல் வரையப் போனாள். காவலுக்கு நின்ற ரேஞ்சர் கோபப்படவில்லை. அவள் உயரத்துக்குக் குனிந்து விளக்கினார். பாறையின் மேல் இருக்கும் கறுப்பு பல ஆயிரம் ஆண்டுகளாகத் தூசியும் மாங்கனீஸும் இரும்பும் படிந்து உண்டான மெல்லிய பூச்சு. அதைக் கொத்தி எடுத்து அடியில் உள்ள வெளிர் நிறத்தைத் தெரியவைத்துத்தான் இந்த உருவங்களைச் செய்தார்கள். நம் விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை அதைக் கெடுக்கும். எத்தனையோ பேர் விரல் வைத்தால் உருவமே மங்கிவிடும். தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸால் கோட்டை நிரப்பிப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம். இந்த இடம் தென் பையூட் என்ற பழங்குடி மக்களுக்கு இன்றைக்கும் புனிதமானது. அவர்கள் போய்விட்ட மக்கள் இல்லை. லாஸ் வேகஸிலேயே வாழ்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் போடாத இடங்களிலும் செதுக்கல்கள் உண்டு. நானும் ஓர் இடத்தில் பார்த்தேன், எங்கே என்று எழுத மாட்டேன். இங்கே படம் போடும் நண்பர்களும் போனில் இடக்குறிப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள். அதிகாரிகளே இத்தகைய இடங்களின் விவரத்தை வெளியிடுவதில்லை. பாதுகாக்க ஆள் இல்லாத இடத்துக்கு மறைவுதான் வேலி.

லாஸ் வேகஸிலிருந்து

நான் சொல்லப்போவது ஆஷ் மெடோஸ் பற்றி. வேகஸிலிருந்து ஒன்றரை மணி நேரம். பாலைவனத்துக்கு நடுவில் நீல நிற ஊற்றுகள். உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட செடிகளும் உயிரினங்களும் இங்கே இருக்கின்றன. இங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். அது நின்று, 1984-இல் வனவிலங்குப் புகலிடமானது.

பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் என்ற இடத்தில் பலகைப் பாதை. ஊற்றுக்குப் பக்கத்துப் பாறையில் நம்மூர் உரல் குழி போலவே குழிகள். பழங்குடிப் பெண்கள் மெஸ்கீட் என்ற மரத்தின் காய்களைப் போட்டு இடித்த இடம். கீழே தண்ணீரில் நீல நிறப் பப்ஃபிஷ் ஆண்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. கையில் பாதி விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். மீனையும் உரலையும் தனித்தனித் துறையாகப் பிரித்துக் காப்பாற்ற முடியாது என்று அங்கே நின்றபோது தோன்றியது. ஊற்று வற்றினால் இரண்டுக்கும் அர்த்தம் போய்விடும்.

பக்கத்திலேயே டெவில்ஸ் ஹோல். மலையடிவாரத்தில் ஒரு பிளவு, அதற்குள் 33 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர், அடி தெரியாத ஆழம். டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ் என்ற இனம் இயற்கையாக வாழ்வது உலகத்திலேயே இந்த ஒரு குழியில் மட்டும்தான். அதுவும் இரை தேடுவதும் முட்டையிடுவதும் மேலே ஓரமாக இருக்கும் ஒரு சிறு பாறைத் திட்டில். 1960-களின் கடைசியில் சுற்றுவட்டாரத்தில் விவசாயத்துக்காகக் கிணறு தோண்டி இறைத்ததில் நீர்மட்டம் இறங்கி அந்தத் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976-இல் நீதிமன்றம் மீனின் பக்கம் நின்றது: இந்தக் குழியைப் பாதுகாப்பதென்று அரசு 1952-இல் அறிவித்தபோதே, அதற்குத் தேவையான தண்ணீரும் சேர்த்துத்தான் ஒதுக்கப்பட்டது என்று. மேற்கு அமெரிக்காவில் தண்ணீர் வழக்குகளில் இன்றும் பேசப்படும் தீர்ப்பு அது.

அதன் பிறகும் நிம்மதி இல்லை. 2013-இல் எண்ணியபோது 35 மீன்கள்தான் இருந்தன. 2016-இல் குடிபோதையில் மூன்று பேர் வேலியைத் தாண்டி உள்ளே நுழைந்தார்கள். ஒருவர் அந்தத் திட்டின் மேலேயே நடந்து தண்ணீரில் இறங்கினார். ஒரு மீன் செத்துக் கிடந்தது. கேமராவில் பதிவாகியிருந்ததால் பிடிபட்டார்கள். தண்ணீரில் இறங்கியவருக்கு ஓராண்டுக்கு மேல் சிறை. பார்வையாளர் மேடை உயரத்தில், கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து மீன் கண்ணில் படாது. எனக்கும் படவில்லை. ஏமாற்றமாக இருந்தது என்று கூட வந்த நண்பர் சொன்னார். எனக்கு அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் மெக்சிகோவில் நிலம் நடுங்கியபோது, சுமார் 22 நிமிடத்தில் இங்கே தண்ணீர் 4 அடி உயரத்துக்கு அலையாக எழும்பியதாம். அவ்வளவு தொலைவை உணரும் குழியைக் கிட்டே போய்ப் பார்க்காவிட்டால் என்ன.

மறுபடியும் லாஸ் ஏஞ்சலஸ்

ஒன்று விட்டுப்போச்சு. எடுக்காதீர்கள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாய்த்துப் போட வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

நெவாடாவில் சுரங்க உரிமை கோருகிறவர்கள் எல்லையைக் காட்ட வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களை நட்டார்கள். மேல் வாய் திறந்திருந்த குழாய்கள் ஏராளம். பொந்தில் கூடு கட்டும் பறவைகள் அதை மரப்பொந்து என்று நினைத்து உள்ளே இறங்கும். சுவர் வழுவழுப்பு, சிறகை விரிக்க இடமில்லை, திரும்ப ஏற முடியாது. நெவாடா நண்பர்களோடு போனபோது ஒரு குழாயைப் பிடுங்கிக் கவிழ்த்தோம். எலும்பும் இறகுமாகக் கொட்டியது, மேலே ஒரு நீலப் பறவையின் இறகு இன்னும் நிறம் மாறாமல். ஒரே குழாயில் அத்தனை.

2009-இல் மாநிலம் சட்டத்தைத் திருத்திச் சுரங்கக்காரர்களுக்கு அவகாசம் கொடுத்தது. 2011 நவம்பர் முதல் அப்படிப்பட்ட பிளாஸ்டிக் குழாயை யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். ஆனால் எடுத்துப் போகக் கூடாது. நட்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் படுக்கவைக்க வேண்டும், ஏனென்றால் அது ஒருவருடைய எல்லைக்குறி. மரக்கம்பத்தையும் கல் குவியலையும் தொடக் கூடாது.

ஹெண்டர்சன்

குழாய் விஷயம் எனக்குப் புதுசு, தம்பி, நன்றி. வரும் குளிர்காலத்தில் இங்கே ஒரு குழு சேர்ந்து போகலாம் என்றிருக்கிறோம். வருகிறவர்கள் தோல் கையுறையும் மூடிய காலணியும் கொண்டு வாருங்கள். கவிழ்க்கும்போது உள்ளே தேள் இருக்கும். பறவை உயிரோடு இருந்தாலும் இருக்கலாம், அதனால் குழாயை மெதுவாகச் சாயுங்கள்.