மக்கள் கருத்துக்கேட்பா, உசாவலா?

[செந்தூல், கோலாலம்பூர்]

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் நகரத் திட்டமிடல் சொற்பட்டியலில், திட்டம் பற்றி மக்களைக் கேட்கும் நடைமுறைக்குப் “பொதுமக்கள் கருத்துக்கேட்பு” என்று போட்டிருப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா? மற்ற சொற்கள் பரவாயில்லை. இந்த ஒன்றுதான் உறுத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் வரைவுத் திட்டக் கண்காட்சிக்கு எங்கள் அடுக்குமாடியிலிருந்து நான்கைந்து பேரைக் கூட்டிப் போனேன். (எந்த மன்றம் என்பது இங்கே வேண்டாம்.) சுவரை அடைத்துக்கொண்டு வண்ண வரைபடம். கூட வந்த பாட்டி விரல் வைத்துத் தேடி எங்கள் கோயிலைப் பிடித்துவிட்டார். அந்த இடத்தில் சாலைக்கான நிறம் அடித்திருந்தது. பாரத்தை நான்தான் மலாயில் நிரப்பினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, முகப்பில் இருந்த பையனிடம் பாட்டி கேட்டார்: “நாந்தி ஜவாப் அடா கா?” பதில் வருமா என்று. அவன் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தி, “தெரிமா காசே” (நன்றி) என்றான். பதில் வரவில்லை.

தமிழில் கேட்பது என்றால் வினவுவதும்தான், காதில் வாங்குவதும்தான். இரண்டும் அன்றைக்கு நடந்தது. ஆகவே “கேட்டாச்சு” என்று கோப்பை மூடலாம். திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற கடமை அந்தச் சொல்லுக்குள் இல்லை.

நடைமுறையோ அதைவிட நீளமானது. வரைவைப் பொதுப் பார்வைக்கு வைப்பது, எழுத்தில் பந்தாஹான் (ஆட்சேபம்) வாங்குவது, எழுதியவரை நேரில் அழைத்து விசாரிப்பது, திருத்துவது, அப்புறம் வர்த்தா, அதாவது அரசிதழில் வெளியிடுவது. 2020 வரைக்குமான கோலாலம்பூர் நகரத் திட்டத்தின் வரைவு 2008இல் மக்கள் பார்வைக்கு வந்தது. வர்த்தா ஆனது 2018இல். திட்டத்தின் ஆயுள் முடிய இரண்டே வருஷம்!

கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பூங்கா நிலத்தில் எழவிருந்த அடுக்கங்களை எதிர்த்துச் சுற்றுவட்டக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டமைப்புத் திட்டத்தை (நகர வளர்ச்சிக்கான அடிப்படைத் திட்டத்தை) விட்டு விலகினால் டத்தோ பண்டார் (மாநகரத் தலைவர்) காரணம் சொல்லியாக வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியமான கருத்து. ஆனால் அதே இடத்தில் பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. நம்மவர்கள்தான். தற்காலிக நீண்ட வீடுகளில் பல்லாண்டாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள். நிறுத்தப்பட்ட திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் அடக்கம். பூங்கா வேண்டும் என்பவரும் மக்கள், வீடு வேண்டும் என்பவரும் மக்கள். இருவரையும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொண்டால் போதுமா? ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க ஓர் இடம் வேண்டாமா?

அதனால் “மக்கள் உசாவல்” என்று முன்வைக்கிறேன். உசாவுதல் என்றால் விசாரித்தல், கலந்து ஆராய்தல் இரண்டும். உசாத்துணை என்று நூற்பட்டியலுக்குப் போடுகிறோமே, அதே வேர். “கலந்தாய்வு” வேண்டாம், தமிழ்நாட்டில் அதைச் சொன்னால் பொறியியல் கல்லூரி இடம்தான் நினைவுக்கு வரும்.

[பட்டர்வொர்த், பினாங்கு]

வணக்கம் அண்ணா. சொல் அழகுதான். ஆனால் எங்கள் வட்டாரத்தில் “உசாவலுக்கு வாங்க” என்று பலகை வைத்தால் ஏதோ உபன்யாசம் என்று நினைப்பார்கள். இங்கே எல்லாருக்கும் அது “மீட்டிங்”.

மலாய்க்காரர்கள் பெருண்டிங்கான் அவாம் என்கிறார்கள். பெருண்டிங் என்றாலே இரண்டு பக்கமும் பேசி முடிவுக்கு வருவது. அந்த வாடை நம் சொல்லிலும் வர வேண்டும். 1992இல் ஐ.நா.வின் ரியோ மாநாட்டில் ஏற்ற அஜெண்டா 21 என்ற செயல்திட்டத்தின் 28ஆம் அத்தியாயமும் இதைத்தான் கேட்டது: ஒவ்வோர் ஊராட்சியும் தன் மக்களோடு உரையாடி இணக்கம் காண வேண்டும் என்று.

இன்னொன்று. ஜார்ஜ்டவுனில் 1951இலேயே மன்றத் தேர்தல் நடந்தது. 1965இல் நாடு முழுக்க ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். இன்றுவரை மன்ற உறுப்பினர்கள் நியமனம்தான். வாக்குப் போட்டு மாற்ற முடியாத மன்றம் இருபது வருஷத்துக்கு மலைச்சரிவையும் கடற்கரையையும் பங்கு போடுகிறது. நமக்கு மிஞ்சியிருக்கும் கதவு இந்த உசாவல் ஒன்றுதான். பினாங்கில் 2012 வாக்கில் மக்கள் பங்கேற்பு வரவுசெலவு முறையைச் சோதித்தபோது, அடுக்குமாடிவாசிகளையே எது முதலில் வேண்டும் என்று வாக்களிக்க வைத்தார்கள். அதைக் கருத்துக்கேட்பு என்று சொல்ல எனக்கும் வாய் வராது. சரி, உசாவலுக்கே என் ஓட்டு. பலகையில் மட்டும் “ஊர்க்கூட்டம்” என்று போட்டுக்கொள்கிறேனே?

[செந்தூல்]

தாராளமாகப் போடும்மா. பட்டியலில் மூன்றாகப் பிரித்துவிடுகிறேன். முழு நடைமுறைக்கும் மக்கள் உசாவல். பந்தாஹான் கொடுத்தவரை நேரில் அழைப்பது மட்டும் மறுப்புக் கேட்பு. மன்றம் எழுத்தில் தர வேண்டிய பதிலுக்கு உசாவல் மறுமொழி. இந்த வரி பட்டியலில் இதுவரை இல்லவே இல்லை.

சஸ்டெயினபிள் டெவலப்மென்ட் என்பதற்கு “நீடித்த” மேம்பாடா, இலங்கை நண்பர்கள் சொல்லும் “பேண்தகு” மேம்பாடா என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். எனக்குப் பேண்தகுதான் பிடிக்கும் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.