காற்றுப்பைக்குள் இருக்கும் ‘டெதர்’, அதை விடுவிக்கும் கருவி: தமிழில் என்ன சொல்லலாம்?

காட்பாடியிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கார் மெக்கானிக் வேலை படிக்கும் பிள்ளைகளுக்காக எழுதிவரும் தமிழ்க் கையேட்டில் இப்போது காற்றுப்பை (ஏர்பேக்) அத்தியாயம் ஓடுகிறது. இருக்கைப் பட்டை, மோதல் உணரி, வளிம உருவாக்கி, பற்றவைப்பி வரைக்கும் சொற்கள் அமைந்துவிட்டன. பைக்குள்ளே தைத்திருக்கும் ‘டெதர்’, தேவையான கணத்தில் அதை விட்டுவிடும் ‘டெதர் ரிலீஸ்’, இந்த இரண்டுக்கும்தான் சொல் வேண்டும். பொருளை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லுக்குப் போனால்தான் சரியாக வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மோதலை உணரி கண்டதும் கட்டுப்பாட்டகம் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. பற்றவைப்பி எரிகிறது, வளிமம் பாய்கிறது, ஓட்டுநர் முன்னுள்ள பை ஏறத்தாழ 30 மில்லிநொடியில் நிறைந்துவிடுகிறது. கண்ணை ஒருமுறை இமைப்பதற்கே 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் துணி முகத்தை நோக்கி வருகிறது. தடுக்க ஏதும் இல்லாவிட்டால் அது முன்னோக்கி நீண்டு முகத்தில் அறையும். அப்படி நீளாமல் இருக்கத்தான் முன்துணியின் உட்புறத்தையும் பின்பக்கத்தையும் இணைத்து நைலான் துணிப்பட்டைகளைத் தைத்திருக்கிறார்கள். அதுதான் டெதர். பை எவ்வளவு ஆழத்துக்கு வரலாம், உருண்டையாக நிற்குமா தட்டையாக நிற்குமா என்பதையெல்லாம் அந்தப் பட்டையின் நீளம்தான் முடிவு செய்கிறது.

ஆனால் ஒரே நீளம் எல்லோருக்கும் சரிப்படாது. உயரம் குறைந்த பெண்மணி ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காருவார். அவருக்குப் பை ஆழம் குறைவாக வந்தால் நல்லது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, இருக்கைப் பட்டையும் போடாமல் இருக்கும் பெரிய உடம்புக்காரருக்கு ஆழமான பை வேண்டும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் 208-ஆம் எண் பாதுகாப்பு விதியைத் திருத்தி, மோதல் சோதனையில் சராசரி ஆண் உருவப் பொம்மையோடு சிறிய பெண் பொம்மை, குழந்தைப் பொம்மைகளையும் வைத்துச் சோதிக்கச் சொன்னது. ஒரே காரில் ஆளுக்கேற்ற பை எப்படித் தருவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் இந்த டெதர் ரிலீஸ். இருக்கைப் பட்டை மாட்டியிருக்கிறதா, இருக்கை எங்கே இருக்கிறது, உட்கார்ந்திருப்பவர் எடை என்ன என்று பார்த்து, டெதரைப் பிடித்துவைப்பதா விட்டுவிடுவதா என்று கட்டுப்பாட்டகம் முடிவெடுக்கிறது.

விடும் வழிகள் பல. ஒரு வகையில், பட்டையின் நுனியை வளையமாகத் தைத்து ஓர் உலோக ஊசியில் மாட்டியிருப்பார்கள். துளி வெடிமருந்து எரிந்து ஊசியை உள்ளே இழுக்கும், வளையம் நழுவிவிடும். இன்னொன்றில் அதே வெடிவிசை சிறு கத்தியைத் தள்ளிப் பட்டையை அறுக்கும். மூன்றாவதில் மின்சாரமும் இல்லை, வெடிமருந்தும் இல்லை: பட்டையை மடித்துத் தைத்திருப்பார்கள், இழுவிசை ஓர் அளவைத் தாண்டினால் தையல் பிரிந்து பட்டை நீளும். இவை போக, பையின் பின்புறம் வளிமம் வெளியேறும் துளையைக் கட்டுப்படுத்தும் டெதரும் உண்டு. பை முழுசாக விரிந்தால் அது இறுகித் துளையை மூடும். குழந்தை ஒன்று பைக்கு மிக அருகில் இருந்து பை விரிய முடியாமல் போனால், அது தளர்ந்தே இருக்கும், துளையும் திறந்தே இருக்கும், வளிமம் வெளியே போய்விடும். இதை முதன்முதலில் படம் போட்டுப் புரிந்துகொண்டபோது, யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் 1 ஜூலை 2019 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் பை கட்டாயம். 2021 முடிவதற்குள் முன் பயணிக்கும் கட்டாயமாகிவிட்டது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிபட்ட வண்டிகள் வாலாஜா முதல் வாணியம்பாடி வரை சாலையோரப் பட்டறைகளுக்குத்தான் வருகின்றன. எல்லா வண்டியிலும் டெதர் ரிலீஸ் இருக்காது. இருக்கிற வண்டியில், பை விரிந்த பிறகும் அந்தக் கருவி எரியாமல் மிச்சமிருக்கலாம். “பைதான் வெடிச்சிடுச்சே, இனிமே என்ன” என்று ஒரு பையன் காற்றுப்பைக் கம்பிகளின் மஞ்சள் இணைப்பியைப் பிடுங்கி மல்டிமீட்டரை வைத்தால் அவன் விரல் போகலாம். அந்தக் கருவிக்குத் தனியாக ஒரு பெயர் இருந்தால்தான் எச்சரிக்கை அவன் மனதில் நிற்கும். ‘கட்டுக்கயிறு விடுவிப்புப் பொறிமுறை’ என்று எழுதிவைத்தால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

தளை, நாண், கட்டுக்கயிறு, வார் என்று சில சொற்கள் மனதில் ஓடுகின்றன. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆற்காட்டிலிருந்து:

அம்மா, வணக்கம். தளை வேண்டாம். யாப்பு படித்தவனுக்கு அது சீரும் சீரும் சேரும் இடம். படிக்காதவனுக்கு அது விலங்கு. உயிரைக் காக்கிற பொருளுக்கு விலங்கின் பெயர் எதற்கு? நாண் என்றால் வில் நினைவுக்கு வரும், கயிறு முறுக்கேறி நிற்பது போலத் தோன்றும்.

கன்றையும் மாட்டையும் கட்டுகிற கயிற்றுக்குத் தும்பு என்று பழைய பெயர் இருக்கிறது. ‘தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறான்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். அந்தப் பழமொழியிலேயே கட்டி வைப்பதும் இருக்கிறது, விடுவதும் இருக்கிறது. ‘தும்பு’, ‘தும்பு விடுப்பி’ என்று வைத்துக்கொள்ளலாமே.

நீங்கள் சொன்ன துளை டெதரைப் படித்ததும் மாடு பூட்டிக் கிணற்று நீரைக் கவலையால் இறைத்த காலம் கண்முன் வந்தது. நம் மாவட்டத்தில் ஏரி வற்றினால் கிணறுதான் கதி. நீர் மொள்ளும் சாலின் அடியில் தோல்வால் இருக்கும். வடம் சாலைத் தூக்கும், வால்கயிறு அந்த வாலின் வாயை மேலே மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்த பிறகுதான் வாய் நீண்டு தண்ணீர் கொட்டும். மெல்லிய கயிறு ஒன்று, தோல் வாய் எப்போது மூடியிருக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்தது. உங்கள் துளை டெதருக்கு ‘வால்கயிறு’ என்றே பெயர் வையுங்கள்.

ஆம்பூரிலிருந்து:

டீச்சர், ஐயா சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது கயிறே இல்லையே? நெய்த துணியில் வெட்டிய பட்டை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தோல் தொழிலில் இதற்கு ஒரே பெயர்தான்: வார். செருப்பு வார், பை வார், பெல்ட் வார். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, எங்கே போய்க் கேட்டாலும் தட்டையாக, நீளமாக, இழுவிசை தாங்குகிற பட்டை வார்தான். கயிறு என்று எழுதினால் படிக்கிறவன் உருண்டையான ஒன்றைத் தேடுவான்.

தையல் பிரிந்து நீள்கிற வகை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மேஜையில் தையல் பிரிந்தால் அது குறை, சரக்கு திரும்பி வரும். இங்கே பிரிவதற்கென்றே தைக்கிறார்கள், அதுவும் சொன்ன விசையில் பிரிய வேண்டும். நூல் எத்தனை கனம், அங்குலத்துக்கு எத்தனை தையல், கோடு எந்தப் பக்கம் போகிறது, எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருப்பார்கள். தோலில் தையலை ரொம்ப நெருக்கிப் போட்டால் ஓட்டை வரிசையாகி, நூல் அறுவதற்கு முன்னால் தோலே கிழிந்துவிடும். அவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும், நூல்தான் போக வேண்டும், துணி போகக்கூடாது. அதற்கு ‘பிரிதையல்’ என்று வைக்கலாமா?

வாலாஜாவிலிருந்து:

அண்ணா, வார் எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும். வாருக்கு முன்னால் வினையடி வந்தால் அது ஆளாகிவிடும். ‘கட்டுவார்’ என்று எழுதினால் யாரோ கட்டப்போகிறார் என்று ஆகும். ‘விடுவார்’ என்றாலும் அதே கதைதான். மென்பொருளில் தமிழாக்கம் செய்யும்போது இதுமாதிரி சொற்கள் எழுத்துத் திருத்தியிலும் தேடலிலும் படுத்தும். முன்னால் பெயர்ச்சொல் வரட்டும்.

‘விடுப்பி’யும் யோசிக்க வேண்டியது. விடுப்பு என்றாலே ஆபீஸ் லீவுதான் ஞாபகம் வருகிறது. ‘கழற்றி’ என்று வைக்கலாம் என்று பார்த்தேன். ‘வார் கழற்றி’ என்பது வாரைக் கழற்றிவிட்டு என்று பொருள்பட்டு வாக்கியத்தையே குழப்புகிறது.

காட்பாடியிலிருந்து:

ஐயா, அண்ணா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் வகுப்பில் பலகையில் எழுதி, பையைப் பிரித்துக் காட்டியும் பார்த்தேன்.

ஐயா, தும்பை விட எனக்கும் மனமில்லை. ஆனால் நாகர்கோவில் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் தும்பு என்றால் தேங்காய் நார். இந்தப் பட்டை இழையால் நெய்தது, எந்த இழை என்றும் எழுதித்தான் ஆக வேண்டும். ‘தும்பின் நைலான் இழை’ என்று எழுதினால் அந்த ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கையேடு வேலூருக்கு மட்டும் இல்லை. அதோடு ஆம்பூர் அண்ணா சொன்னது உண்மை, இது தட்டையானது. கையில் எடுத்துப் பார்த்த பிள்ளைகள் தயங்காமல் வார் என்றார்கள்.

தம்பி எழுப்பிய சிக்கலுக்கு விடை ‘உள்வார்’. பைக்குள் இருக்கிறது என்பதும் தெரிகிறது, வினைமுற்றாகவும் யாரும் வாசிக்க மாட்டார்கள். உள்வாரின் நீளம், உள்வாரின் தையல், இரட்டை உள்வார், எல்லாம் வாயில் எளிதாக வருகின்றன.

விடுவிக்கும் கருவிக்கு ‘அவிழ்ப்பி’ என்று முன்மொழிகிறேன். அறுப்பி என்று பொதுப்பெயர் வைத்தால் ஊசி இழுக்கும் வகைக்குப் பொய்யாகிவிடும். அங்கே வார் அறுபடுவதே இல்லை. கட்டு அவிழ்ந்தது என்றால் முடிச்சு நழுவியிருக்கலாம், கயிறு அறுந்திருக்கலாம், தையல் விட்டிருக்கலாம். தமிழில் எல்லாவற்றுக்கும் அது பொருந்துகிறது. ஆகவே பொதுப்பெயர் உள்வார் அவிழ்ப்பி. அதன் வகைகளாக ஊசி அவிழ்ப்பி, கத்தி அவிழ்ப்பி. தானே பிரியும் வகைக்கு அண்ணா தந்த பிரிதையல் அப்படியே இருக்கட்டும். ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது, ஆகவே ‘பிரித்தையல்’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். பிரிதையலில் வெடிமருந்து இல்லை என்பதால் அதை அவிழ்ப்பி என்று அழைக்காமல் தனியாக வைப்பதே பாதுகாப்பு. அவிழ்ப்பி என்று படித்தாலே ‘உள்ளே மருந்து இருக்கிறது’ என்று மெக்கானிக்குக்குப் பழகிவிட வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வால்கயிற்றைப் பற்றி நிறைய யோசித்தேன். பொருத்தம் அவ்வளவு அழகு. ஆனால் பட்டறையில் ‘வால்’ என்று தொடங்கினாலே வால்வு என்றுதான் காதில் விழும். எஞ்சின் வேலை தெரிந்த பிள்ளைகள் இரண்டையும் கலந்துவிடுவார்கள். வளிமம் போகும் இடத்துக்குப் போக்குத்துளை என்றும், அதைப் பிடித்திருக்கும் உள்வாருக்குத் துளைவார் என்றும் எழுதுகிறேன். கவலையின் படத்தை மட்டும் அந்தப் பக்கத்தில் போட விரும்புகிறேன், ஐயா. வடமும் வால்கயிறும் தெளிவாகத் தெரிகிற பழைய படம் உங்களிடம் இருந்தால் அனுப்பிவையுங்கள்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்க, கையேட்டின் எச்சரிக்கைப் பகுதியை இங்கே தருகிறேன்:

“பை விரிந்திருந்தாலும் உள்வார் அவிழ்ப்பி எரியாமல் இருக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம் முழுவதும் காத்திருந்த பிறகே மஞ்சள் இணைப்பியைத் தொடவும். அவிழ்ப்பியின் முனைகளில் மல்டிமீட்டரை வைக்கக் கூடாது. மீட்டரின் சிறு மின்னோட்டமே பற்றவைப்பியை எரித்துவிடலாம். அறுந்த உள்வாரையோ பிரிந்த பிரிதையலையோ பட்டறையில் மறுபடி தைக்கக் கூடாது. பையை முழுசாக மாற்ற வேண்டும்.”

கடைசி வரியை ஆம்பூர் அண்ணாவை நினைத்துத்தான் சேர்த்தேன். நம் ஊரில் எதையும் நன்றாகத் தைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், அதனாலேயே யாராவது தைக்கச் சொல்லிக் கொண்டுவருவார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. பக்கச் சன்னலை மறைத்து விரியும் பக்கவாட்டுத் திரைப்பையின் முன்நுனியை முன்கண்ணாடி ஓரத் தூணோடு இழுத்துக் கட்டியிருக்கும் பட்டையையும் ஆங்கிலத்தில் டெதர் என்றே சொல்கிறார்கள். அது பைக்கு வெளியே இருப்பதால் உள்வார் பொருந்தாது. ‘தூண்வார்’ சரிவருமா என்று தனி மடலில் கேட்கிறேன்.