வைஃபையில் 280, கேபிளில் 94: மாடியறைக் கணினியில் இணைய வேகம் ஏன் ஏறவில்லை?

கேள்வி: மாடியறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு உள்ளது. ரௌட்டர் தரைத்தளக் கூடத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுவருக்குள் பதித்த குழாய் வழியாக நெட்வொர்க் கேபிள் ஒன்று மாடியறைக்கு ஏறி, அங்குள்ள சுவர் சாக்கெட்டில் முடிகிறது. வீடு கட்டும்போதே எலக்ட்ரீஷியன் இழுத்துக் கொடுத்த கேபிள் அது.

கூடத்தில் கைப்பேசியை வைஃபையில் இணைத்துச் சோதித்தால் 270க்கும் 290க்கும் இடையே வேகம் வருகிறது. மாடியறையில் மேசைக் கணினியைக் கேபிளில் இணைத்துச் சோதித்தாலோ, விடியற்காலையானாலும் நள்ளிரவானாலும் 94ஐத் தாண்டுவதில்லை. பதிவேற்றமும் அதே அளவில்தான் நிற்கிறது. ரௌட்டரை அணைத்துப் போட்டாயிற்று, டிரைவரைப் புதுப்பித்தாயிற்று, ஆன்டிவைரஸை நிறுத்தியும் பார்த்தாயிற்று. இணைய நிறுவனத்தாரிடம் கேட்டால், ரௌட்டர் வரை முழு வேகம் வருகிறது என்றும், வீட்டு வயரிங் தங்கள் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கணினிக் கடைக்காரர், மதர்போர்டில் உள்ள லேன் போர்ட் பழுதாகியிருக்கலாம், தனிக் கார்டு ஒன்று வாங்கிப் போடுங்கள் என்கிறார். என் மகள் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறாள். பெரிய கோப்புகளை அனுப்பி முடிக்க இரவாகிவிடுகிறது. பணம் செலவழிக்கும் முன், எங்கே கோளாறு என்று உறுதிசெய்ய வழியுண்டா?

பதில்: கேபிள்காரர்

வணக்கம் ஐயா. இப்போதைக்குக் கார்டு வாங்க வேண்டாம். 94 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. இணைய நெரிசலோ வைரஸோ காரணமாக இருந்தால் வேகம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும். எந்த நேரத்திலும் 94லேயே முட்டி நிற்காது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில், அதாவது கேபிள் வழி இணைப்பில், ஒரு முழு பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்ப 1538 பைட்டுக்கான நேரம் செலவாகிறது. அதில் 1460 பைட்தான் நம்முடைய தரவு. முகவரி, பிழை சரிபார்ப்பு, பாக்கெட்டுகளுக்கு இடையே விடும் இடைவெளி எல்லாம் போக, கைக்குக் கிடைப்பது 94, 95தான். எனவே உங்கள் கணினியும் ரௌட்டரும் தங்களுக்குள் 1000க்குப் பதிலாக 100 என்ற வேகத்தில் இணைந்திருக்கின்றன என்பது என் கணிப்பு.

இதை ஒரு நிமிடத்தில் உறுதிசெய்யலாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று உள்ளே போனால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். அதில் 100/100 என்று காட்டினால், நாம் தேட வேண்டியது வீட்டுக்குள்தான்.

கேபிளுக்குள் முறுக்கிய நான்கு ஜோடிகளாக எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடிகளே போதும். 1, 2, 3, 6 ஆகிய பின்களில் (செருகியின் தொடுமுனைகளில்) வரும் கம்பிகள் மட்டும் சரியாக இருந்தால் அது வேலை செய்துவிடும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு, நான்கு ஜோடிகளும் வேண்டும். இரு கருவிகளும் தங்களால் 1000 இயலும் என்று ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்வதும் அந்த முதல் இரண்டு ஜோடிகளின் வழியாகத்தான் நடக்கிறது. ஆகவே மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும், இரண்டும் 1000க்கு ஒப்புக்கொண்டு, முயன்று, இயலாமல், சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது என்பதால்தான் இந்தக் கோளாறு பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறது.

கணினியைக் கூடத்துக்கு இறக்கி, கடையில் வாங்கிய சிறிய கேபிளால் ரௌட்டரில் நேராக இணைத்துப் பாருங்கள். அங்கே 1000 என்று வந்தால் கார்டும் ரௌட்டரும் நன்றாக இருக்கின்றன. சுவருக்குள் இருக்கும் கேபிளோ அதன் முனைகளோதான் குற்றவாளி.

பதில்: தெற்குத்தெரு

கேபிள்காரர் சொன்னதோடு மூன்று செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். முதலாவது, ரௌட்டரில் நான்கு லேன் போர்ட்டுகள் இருந்தாலும் நான்கும் கிகாபிட் என்று நம்பிவிடக் கூடாது. சில ஃபைபர் ரௌட்டர்களில் ஒன்று மட்டுமே கிகாபிட். மற்றவை 100 எம்பிபிஎஸ். போர்ட்டின் அருகே ஜிஇ என்று அச்சிட்டிருந்தால் அது கிகாபிட், எஃப்இ என்றால் 100. கூடத்தில் சோதிக்கும்போது மாடிக் கேபிள் செருகியிருக்கும் அதே போர்ட்டிலேயே சோதியுங்கள். இல்லையென்றால் சோதனையே தவறான முடிவைத் தரும்.

இரண்டாவது, டிவைஸ் மேனேஜரில் உங்கள் நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்ட் பகுதியில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்ற அமைப்பு ஆட்டோவில் இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் கூடும் என்று எண்ணி அதை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் முறை) என்று நிலையாக வைத்துவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் எதிர்முனைக்கு நமது டூப்ளெக்ஸ் தெரியாமல் போய், அது ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு மாறிக்கொள்ளும். மோதல்கள் பெருகி வேகம் இன்னும் மோசமாக விழும். உங்களுக்கு நிலையாக 94 வருவதால் இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, கேபிளை மாற்றும் நிலை வந்தால், செம்புப் பூச்சு இட்ட அலுமினியக் கேபிளை வாங்காதீர்கள். கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும், அதுதான் அடையாளம். விலை குறைவுதான், ஆனால் வளைத்தால் எளிதில் முறியும். முழுச் செம்பில் கேட் 5இ என்ற தரத்துக் கேபிள் போதும். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6 போடலாம்.

மாடியறை

இருவருக்கும் மிக்க நன்றி. மாடியில் லிங்க் ஸ்பீட் 100/100 என்றே காட்டியது. கணினியைக் கூடத்துக்கு இறக்கி அதே போர்ட்டில் நேராக இணைத்ததும் 1000/1000 என்று வந்தது. இணைய வேகமும் 280ஐத் தாண்டியது. ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் ஆட்டோவில்தான் இருக்கிறது.

பிறகு மாடிச் சுவர் சாக்கெட்டைத் திறந்து பார்த்தேன். ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் மட்டுமே நெட்வொர்க் ஜாக்கில் ஏறியிருக்கின்றன. நீல ஜோடி அருகிலுள்ள டெலிபோன் சாக்கெட்டுக்குத் திருப்பப்பட்டிருக்கிறது. பழுப்பு ஜோடி நறுக்கி உள்ளே மடித்து விடப்பட்டிருக்கிறது. கீழேயும் அதே நிலைதான். நீல ஜோடி ரௌட்டரின் டெலிபோன் போர்ட்டுக்குப் போகிறது. மாடியில் ஒரு தொலைபேசி இருப்பது உண்மை. என் அம்மா அதில்தான் பேசுவார். இப்போது என்ன செய்வது?

கேபிள்காரர்

ஒரே கேபிளில் நெட்டும் போனும் கொண்டுபோவது ஒரு காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். இணைப்பின் வேகமே 10, 20 என்று இருந்த நாட்களில் அதனால் யாருக்கும் இழப்பில்லை. இன்று கிகாபிட் வேண்டுமென்றால் எட்டுக் கம்பிகளும் நெட்டுக்கே வேண்டும். போனுக்கு வேறு வழி காண வேண்டியதுதான். அம்மாவுக்கு ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கி, அதன் அடிப்பகுதியைக் கூடத்தில் ரௌட்டரருகே வைத்துவிட்டால், கைக்கருவியை அவர் மாடியிலேயே வைத்துக்கொள்ளலாம். மாடி வரை சிக்னல் கிடைக்கிறதா என்று கேட்டு, மாற்றித்தரும் கடையில் வாங்குங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ரௌட்டரின் டெலிபோன் போர்ட்டிலிருந்து அந்த நீல ஜோடியைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். மணி அடிக்கும் வேளையில் அதில் பாயும் மின்னழுத்தம் கையில் சுரீரென்று அடிக்கும். நெட்வொர்க் போர்ட்டுக்கும் ஆகாது.

பிறகு இரு முனைகளிலும் ஒரே வரிசையில் கிரிம்ப் செய்யச் (கம்பிகளைச் செருகியில் பதித்து அழுத்தச்) சொல்லுங்கள்: ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு. இருபக்கமும் ஒரே மாதிரி இருந்தால் எந்த வரிசையும் சரிதான் என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். 3ஆம் பின்னும் 6ஆம் பின்னும் ஒரே ஜோடியின் இரு கம்பிகளாக இருந்தாக வேண்டும். அது தவறினால், எட்டு விளக்குகள் கொண்ட சாதாரண டெஸ்டரில் எல்லா விளக்கும் வரிசையாக எரியும், இணைப்பு மட்டும் தடுமாறும்; கம்பி தொடர்கிறதா என்பதைத்தான் அந்த டெஸ்டர் பார்க்கிறது, ஜோடி சரியா என்பதைப் பார்ப்பதில்லை. முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கவும் கூடாது.

பழுப்பு ஜோடியைக் குட்டையாக நறுக்கியிருந்தால், பெட்டிக்குள் மிச்சக் கேபிள் இருக்கிறதா என்று மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு சாண் வந்தாலே புதிய ஜாக் போட்டுவிடலாம். வராவிட்டால், பழைய கேபிளின் முனையிலேயே புதியதைக் கட்டி, குழாய் வழியாக இழுத்துவிட முடியும். சுவரை உடைக்க வேண்டியதில்லை.

மாடியறை

வேலை முடிந்தது. கீழ்ப்பெட்டியில் மிச்சக் கேபிள் இருந்தது, மாடிப்பெட்டியில் இல்லை. ஆகவே முழுச் செம்பு கேட் 6 கேபிளையே புதிதாக இழுக்கச் செய்தேன். தாங்கள் சொன்ன வண்ண வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்து, கிரிம்ப் செய்யும்போது அருகிலேயே நின்றேன். இப்போது மாடியறையில் லிங்க் ஸ்பீட் 1000/1000. பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டும் 285க்கு மேல் வருகின்றன. அம்மாவின் கார்ட்லெஸ் போனுக்கு மாடியில் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. மொட்டைமாடியில் மட்டும் கிடைக்கவில்லை.