ஜி3258: 42 வைத்தால் விண்டோஸ் லோகோவிலேயே நின்றுவிடுகிறது, வைத்துக்கொள்ளலாமா மாற்றலாமா?

பிட்டும்பைட்டும் (இழை தொடங்கியவர்)
அவசரம். பென்டியம் ஜி3258 செகண்ட் ஹேண்ட்ல எடுத்து மாட்டியிருக்கேன். மல்டிபிளையர் (அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்கு ஆக்கணும்ங்கற எண்) 42 வெச்சா, அதாவது 4.2 கிகாஹெர்ட்ஸ்ல, லோகோ வருது, சுத்துற புள்ளி பாதியில நின்னுடுது. 32க்கு இறக்கினா ஒழுங்கா ஓடுது. சிப்பு அடிபட்டதா? திருப்பிக் குடுத்துட்டு ஐ3 4160 எடுக்கலாமா, இல்ல இதையே ஓட்டலாமா? கேம், டால்பின் எமுலேட்டர் (நின்டெண்டோ கேம்களைக் கணினில ஓட்டறது) ரெண்டுக்கும்தான். திருப்பிக் குடுக்க நாளைக்குக் கடைசி நாள்.

வெப்பத்தகடு
எந்த போர்டு? எந்த விண்டோஸ்? விகோர் (சிப்புக்குப் போற வோல்டேஜ்) ஆட்டோல இருக்கா, கையால வெச்சீங்களா? எவ்வளவு? கூலர் எது? இது தெரியாம யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

பவர்ரயில்
பவர் சப்ளையைப் பாருங்க ப்ரோ. லோகோ நேரத்துலதான் திடீர்னு லோடு ஏறும். 12 வோல்ட் ரயில் வலு இல்லேன்னா அங்கதான் நிக்கும். போர்டுல 4 பின் சிபியு கனெக்டர் சரியா உக்காந்திருக்கான்னும் பாருங்க.

ஆணிவேர்
போர்டு பெயர் எழுதாமல் ஓவர்க்ளாக் (சிப்பை அதன் வேகத்துக்கு மேல் ஓட்டுவது) சந்தேகம் கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியின் மேலேயே ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறது. வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் 32-லேயே ஓட்டிக்கொள்வது நல்லது. ஹாஸ்வெல்லில் (இந்தச் சிப்பின் தலைமுறை) வோல்டேஜ் கொடுக்கத் தெரியாமல் 42-க்குத் தாவினால் இப்படித்தான் நிற்கும். 1.3 கொடுங்கள், ஓடும்.

பிட்டும்பைட்டும்
சாரி சார். எச்81 போர்டு, பயாஸ் (போர்டைக் கிளப்பற மென்பொருள்) 2014 தேதி. விண்டோஸ் 10. விகோர் கையால 1.25. கூலர் சிப்போட வந்ததுதான். ரேம் 4+4 ஜிபி. பிஎஸ்யு 450 வாட்.

பவர்ரயில்
450 வாட்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கறது வேற, உண்மையா வர்றது வேற. வேற பிஎஸ்யு ஒண்ணு கடன் வாங்கி மாட்டிப் பாருங்க.

வெப்பத்தகடு
இந்தச் சிப்போட டிடிபியே (நிறுவனம் சொல்ற வெப்பக் கணக்கு) 53 வாட். 4.2ல வெச்சாலும் 84 வாட் ஐ5 இழுக்கறதைத் தாண்டாது. கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கற லோகோ நேரத்துல அதுக்காக ஒரு பிஎஸ்யு படுக்காது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கற பேஸ்ட் காஞ்சிருக்கான்னு முதல்ல பார்க்கலாம். பழைய பேஸ்ட்டைத் துடைச்சுட்டு நடுவுல ஒரு பட்டாணி அளவு வெச்சு, நாலு புஷ் பின்னும் போர்டுக்குப் பின்பக்கம் வரைக்கும் வந்திருக்கான்னு பாருங்க. ஒரு பின் உள்ள போகலேன்னாலே கூலர் ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும்.

நள்ளிரவுபயாஸ்
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கள். எச்81, 2014 பயாஸ், விண்டோஸ் 10, ஜி3258. இந்த நாலும் சேர்ந்தால் முதல் சந்தேகம் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஏற்றப்படும், அதன் நடத்தையை மாற்றக்கூடிய சிறு நிரல்) மேல்தான் வர வேண்டும்.

இன்டெல் கணக்குப்படி மல்டிபிளையரை ஏற்றும் உரிமை இசட்87, இசட்97 போர்டுகளுக்கு மட்டும்தான். 2014-ல் இந்தச் சிப் வந்தபோது போர்டு நிறுவனங்கள் எச்81, பி85-க்கும் பயாஸ் வழியாக அதைத் திறந்துவிட்டன. பிறகு வந்த மைக்ரோகோட் அந்த வழியை அடைத்தது. பயாஸில் பழைய மைக்ரோகோட் இருந்தாலும், விண்டோஸ் கிளம்பும்போது தன்னிடம் இருக்கும் புதியதைச் சிப்பில் ஏற்றிவிடும். 7-க்கும் 8.1-க்கும் இது 2015 ஜூனில் கேபி3064209 என்ற அப்டேட்டாக வந்தது. 10-ல் கூடவே இருக்கிறது. ஏறும் நொடியில் மல்டிபிளையர் 32-க்கு மேல் இருந்தால், லோகோவிலேயே உறைந்துவிடும்.

ஊகத்தில் அலைய வேண்டாம், இரண்டு சோதனை போதும். ஒன்று, மல்டிபிளையரை 33 மட்டும் வையுங்கள், விகோர் 1.20. 3.3 கிகாஹெர்ட்ஸுக்கு அது தாராளம். அப்போதும் அதே இடத்தில் நின்றால் வோல்டேஜ், சூடு, பவர் சப்ளை மூன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டு, 42 வைத்துப் பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஓட்டுங்கள். அங்கே விண்டோஸ் இல்லை, அதன் மைக்ரோகோடும் இல்லை. ஒரு மணி நேரம் தாங்கினால் சிப் அடிபட்டதல்ல.

ஆணிவேர் சொன்ன 1.3 வேண்டாம். கூட வந்த கூலர் செம்பு இல்லாத அலுமினியக் கட்டி, அந்த வோல்டேஜைத் தாங்காது.

ஆணிவேர்
மைக்ரோகோட் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 42-க்கு 1.25 போதாத சிப்புகளும் உண்டு என்பதைத்தான் சொன்னேன்.

நள்ளிரவுபயாஸ்
உண்டு. ஆனால் வோல்டேஜ் போதாத சிப் தினமும் ஒரே புள்ளியில் நிற்காது. ஒரு நாள் டெஸ்க்டாப் வரை வரும், ஒரு நாள் 124 அல்லது 101 என்ற எண்ணோடு நீலத்திரை காட்டும், ஒரு நாள் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

பிட்டும்பைட்டும்
33லயும் அதே இடம்தான். 42ல மெம்டெஸ்ட் ஓடிட்டே இருக்கு, எர்ரர் இல்ல. இப்ப பயாஸ் அப்டேட் பண்ணிடவா?

நள்ளிரவுபயாஸ்
வேண்டாம்! புதிய பயாஸ் சிலவற்றில் இந்த ஓவர்க்ளாக் வசதியே எடுக்கப்பட்டிருக்கிறது. பழையதற்குத் திரும்ப சில போர்டுகள் விடாது.

செய்ய வேண்டியது இது. மல்டிபிளையரை 32-க்கு இறக்கி விண்டோஸுக்குள் போங்கள். சிஸ்டம்32 ஃபோல்டரில் 'எம்சிஅப்டேட்' என்று தொடங்கும் டிஎல்எல் இரண்டு இருக்கும். பெயர் 'ஜென்யூன்இன்டெல்' என்று முடிவதுதான் நமக்கு வேண்டியது. மற்றது ஏஎம்டிக்கானது, தொடாதீர்கள். ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் ஓனரை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்று மாற்றி, முழு அனுமதி கொடுத்தால்தான் பெயர் மாற்ற விடும். அழிக்காதீர்கள், பெயரின் கடைசியில் 'பழையது' என்று சேர்த்தால் போதும். பிறகு பயாஸில் மல்டிபிளையரை ஏற்றுங்கள்.

விண்டோஸின் பெரிய அப்டேட் ஒவ்வொன்றும் அந்தக் கோப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடும், எஸ்எஃப்சி ஸ்கேன் (விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்ப்பது) ஓட்டினாலும் வந்துவிடும். மறுபடி லோகோவில் நின்றால் பதறாமல் 32-க்கு இறக்கி இதையே செய்யுங்கள். 32-லும் கிளம்பாமல் போனால், பயாஸில் ஆக்டிவ் கோர் எண்ணிக்கையை 1 ஆக்கி உள்ளே போகலாம்.

கதவுத்தாழ்
இதை இப்படிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தங்களும் இதே மைக்ரோகோட் வழியாகத்தான் வருகின்றன. அந்தக் கோப்பை முடக்கினால் அவையும் போகும். பேங்க் வேலை பார்க்கும் கணினியில் செய்யவே கூடாது.

நள்ளிரவுபயாஸ்
பாதி சரி. அதோடு சேர்ந்து வெளியான மெல்ட்டவுன் ஓட்டைக்கான திருத்தம் விண்டோஸ் கெர்னலிலேயே இருக்கிறது, அது அப்படியே நிற்கும். ஸ்பெக்டரின் இரண்டாம் வகைக்குத்தான் மைக்ரோகோட் உதவி தேவை.

கதவுத்தாழ்
அந்த இரண்டாம் வகையைத்தான் சொல்கிறேன். 1 கிகாஹெர்ட்ஸ் கூடுதலாகக் கிடைப்பதற்காக அதைத் திறந்து வைக்கச் சொல்வது சரியில்லை. மாற்றுவதற்கு முன்னால் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நள்ளிரவுபயாஸ்
தெரிந்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கேமுக்கு மட்டும் என்றால் நான் செய்வேன். பணம் புழங்கும் கணினி என்றால் 32-லேயே விடுவேன், அல்லது இசட்97 போர்டில் மாட்டுவேன். அங்கே எந்தக் கோப்பையும் தொடாமலே மல்டிபிளையர் ஏறும்.

நூலிழை
அவர் கேட்ட முக்கியமான கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. வைத்துக்கொள்ளலாமா, மாற்றலாமா?

3.2-லிருந்து 4.2 என்றால் க்ளாக்கில் 31 சதவீதம். ஒரே த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஓடும் ஒரு வேலை வரிசை) ஓடும் வேலையில் 3.6-ல் நிற்கும் ஐ3 4160-ஐ இது தாண்டிவிடும். டால்பின் பெரும்பாலும் இரண்டு த்ரெட்டில் ஓடுவது, ஹாஸ்வெல் அதற்கு நன்றாகவே பொருந்தும். அந்த ஒன்றுக்கு மட்டும் என்றால் இந்தச் சிப் அருமையான பேரம்.

கேம் என்று வரும்போதுதான் இடிக்கிறது. ஜி3258-ல் ஹைப்பர்த்ரெட்டிங் (ஒரே கோர் இரண்டு த்ரெட்டை ஓட்டுவது) கிடையாது, இரண்டு கோர், இரண்டு த்ரெட், அவ்வளவுதான். ஃபார் க்ரை 4 வந்தபோதே நாலு த்ரெட் இல்லாத சிப்பில் கறுப்புத் திரையோடு நின்றது. அதோடு இதில் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்புகள் இரண்டும் இல்லை. அந்தக் கட்டளைகளைக் கேட்கும் புரோகிராம் 4.2 அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் கொடுத்தாலும் கிளம்பாது. ஐ3 4160-ல் அவை உண்டு, நாலு த்ரெட்டும் உண்டு. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) இரண்டிலும் பக்கத்தில் தெரியலாம். ஆனால் புதிய கேம்களில் ஜி3258-ல் இரண்டு கோரும் நூறு சதவீதத்தில் முட்டி, திரும்பும் இடமெல்லாம் படம் வெட்டி வெட்டி வரும். அதை எந்த மல்டிபிளையரும் தீர்க்காது.

என்னைக் கேட்டால் ஐ3-க்கும் போக வேண்டாம். இதே எல்ஜிஏ1150 சாக்கெட்டில் பழைய ஐ5 4590 கிடைக்கிறதா பாருங்கள். நாலு நிஜ கோர், ஏவிஎக்ஸ்2, டர்போவில் 3.7 வரை. ஜி3258-ஐ அறிந்த பயாஸ் அதையும் பெரும்பாலும் அறியும். மாட்டும் முன் போர்டின் சிபியு பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

பவர்ரயில்
ஐ5 போட்டா பிஎஸ்யு கண்டிப்பா மாத்தணும்.

வெப்பத்தகடு
84 வாட் சிப்புக்கா? கிராபிக்ஸ் கார்டு எதுன்னு இன்னும் அவர் சொல்லவே இல்லையே, அதுக்குள்ள எப்படி முடிவு பண்றீங்க?

பிட்டும்பைட்டும்
பேர் மாத்தினேன், 42ல உள்ள வந்துடுச்சு. ஆனா பிரைம்95 (சிப்பை முழுசா வேலை வாங்கற சோதனை) ஓட்டினா 91 டிகிரி காட்டுது. டால்பின் செமயா ஓடுது. ஐ5 விசாரிச்சுட்டு வர்றேன். நன்றி எல்லாருக்கும்.

நள்ளிரவுபயாஸ்
91 அதிகம். இந்தக் கூலரோடு 40-க்கு இறக்கி விகோர் 1.15-ல் தொடங்குங்கள். நின்றால் 0.01 வீதம் ஏற்றுங்கள், 1.20 தாண்ட வேண்டாம். கேஷ் ரேஷியோவை (சிப்புக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தின் மல்டிபிளையர்) 32-லேயே விடுங்கள், அதை ஏற்றினால் சூடுதான் மிச்சம். பிசிஎல்கே (அடிப்படைக் க்ளாக்) 100-ஐத் தொடாதீர்கள், சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் அதோடு சேர்ந்து நகரும். பிரைமில் 80-க்குள் நின்றால் அதுவே இந்தக் கூலருக்கான எல்லை. 42 வேண்டுமென்றால் டவர் கூலர் போட வேண்டும், அந்தக் காசை ஐ5 பக்கம் திருப்புவதே மேல்.

சாளரம்7
எனக்கு பி85 போர்டு, விண்டோஸ் 7, இதே சிப். அந்த கேபி அப்டேட்டை அன்இன்ஸ்டால் பண்ணினா போதுமா, இல்ல கோப்பும் பேர் மாத்தணுமா?

நள்ளிரவுபயாஸ்
7-ல் அன்இன்ஸ்டால் செய்து, அப்டேட் பட்டியலில் அதை மறைத்தும் வையுங்கள். மறைக்காவிட்டால் அடுத்த முறை தானாக ஏறிவிடும். அதன் பிறகும் நின்றால் பயாஸ் தேதி, விகோர், கூலர் மூன்றையும் எழுதித் தனி இழை தொடங்குங்கள்.