ஜெப்பர்டியில் ஜெயித்த வாட்சன் புரோலாக்கில் எழுதியதா?

கடைசிபெஞ்சு:
இறுதியாண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். ஏஐ லேப்பில் நாலு வாரமாகப் புரோலாக், அதாவது உண்மைகளையும் விதிகளையும் எழுதிக் கொடுத்தால் விடையைத் தானே தேடும் நிரல்மொழி. குடும்ப மரம் போட்டாச்சு, குரங்கைப் பெட்டி மேல் ஏற்றி வாழைப்பழம் எடுக்க வைத்தாச்சு, சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளையும் சண்டை இல்லாமல் உட்கார வைத்தாச்சு. "இதை வெளியில யாராவது பயன்படுத்துறாங்களா மேடம்" என்று கேட்டதற்கு, அமெரிக்க டிவி குவிஸ் ஜெப்பர்டியில் மனிதர்களைத் தோற்கடித்த ஐபிஎம்மின் வாட்சன் கணினியே புரோலாக்தான், முதலில் ரெக்கார்டு நோட்டை முடி என்றார். தேடிப் பார்த்தால் ஒரு இடத்தில் ஜாவா என்கிறார்கள், இன்னொரு இடத்தில் சி++ என்கிறார்கள். எது உண்மை? அப்படியே புரோலாக் இருந்திருந்தாலும் குவிஸில் அதற்கு என்ன வேலை? அடுத்த வாரம் வைவா, எக்ஸ்டர்னல் இதைத் தோண்டினால் மாட்டிக்கொள்வேன்.

பழையபக்:
மூன்றுமே உண்மை தம்பி. பெரும்பகுதி ஜாவா, கொஞ்சம் சி++, ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் புரோலாக். அந்த இடம் எது என்று புரிய முதலில் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஜெப்பர்டியில் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு துப்பைக் கொடுப்பார்கள், "யார் இன்னார்?" "எது இன்னது?" என்று கேள்வி வடிவில் நாம் பதில் சொல்ல வேண்டும். துப்பும் நேராக இருக்காது, சுற்றி வளைத்து, சிலேடை கலந்து வரும். 2011 பிப்ரவரி 14 முதல் 16 வரை மூன்று நாள் ஒளிபரப்பான அந்தப் போட்டியில் எதிரில் நின்றவர்கள் கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர். ஜென்னிங்ஸ் 2004இல் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்தவர், அதோடு அப்போது தொழிலால் மென்பொருள் பொறியாளர், அதாவது நம்ம ஆள். முடிவில் வாட்சன் 77,147 டாலர், ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600.

வாட்சன் இணையத்தில் தேடவில்லை. ஏறத்தாழ 20 கோடிப் பக்கங்களை உள்ளேயே வைத்திருந்தது. துப்பைப் படி, அதிலிருந்து பதிலாக இருக்கக்கூடியவற்றைத் திரட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடி மதிப்பெண் போடு, நம்பிக்கை போதுமென்றால் பொத்தானை அழுத்து. இதில் முதல் படியான துப்பைப் படிப்பதில்தான் புரோலாக்.

அடிக்கோடு:
அந்த "படிப்பது" என்பதைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினால்தான் புரியும். ஐபிஎம் ஆட்களே தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டாகப் போட்ட துப்பு இது. தலைப்பு, கவிஞர்களும் கவிதையும். கனடாவின் யூகானில் வங்கி எழுத்தராக இருந்தவர், பிறகு 1907இல் 'சாங்ஸ் ஆஃப் எ சௌர்டோ' என்ற நூலை வெளியிட்டார். பதில், யார் ராபர்ட் சர்வீஸ்?

முதலில் ஒரு பார்சர் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பிரிக்கும். பிரித்ததை அப்படியே புரோலாக் உண்மைகளாக மாற்றுவார்கள். தமிழில் எழுதினால் இப்படி (எண்கள் சொற்களின் அடையாளம், ஒவ்வொன்றும் புள்ளியில் முடிய வேண்டும்):

சொல்(1, அவர்).
சொல்(2, வெளியிடு).
சொல்(3, நூல்).
எழுவாய்(2, 1).
செயப்படுபொருள்(2, 3).

அதன் மேல் விதி (:- குறிக்கு வலப்பக்கம் உள்ளவை எல்லாம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை):

படைத்தவர்(_ஆள், _நூல்) :-
    படைப்புவினை(_வினை),
    எழுவாய்(_வினை, _ஆள்),
    செயப்படுபொருள்(_வினை, _நூல்).

படைப்புவினை(_வினை) :- சொல்(_வினை, எழுது).
படைப்புவினை(_வினை) :- சொல்(_வினை, வெளியிடு).

அவ்வளவுதான். 'அவர்' என்பது ஒரு படைப்பாளி, 'நூல்' அவருடைய படைப்பு என்ற உறவு கிடைத்துவிட்டது. இனி சும்மா சொற்களைத் தேட வேண்டாம், இந்த நூலைப் படைத்தவர் யார் என்று தேடலாம். (அசல் விதியில் அவர் உண்மையில் எழுத்தாளர்தானா, அது நூல்தானா என்ற சோதனையும் உண்டு, நான் சுருக்கிவிட்டேன்.) நீங்கள் குடும்ப மரத்தில் எழுதிய தாத்தா விதிக்கும் இதற்கும் வடிவத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, அப்பா இருந்த இடத்தில் எழுவாய் வந்திருக்கிறது.

இப்படி 6,000க்கும் மேற்பட்ட விதிகளும் உண்மைகளும் அந்தப் பகுதியில் இருந்தன. அதற்கு முன்பு இதே வேலைக்கு அவர்களே சொந்தமாகச் சில கருவிகள் கட்டிப் பார்த்திருக்கிறார்கள், கடைசியில் அவை புரோலாக்கின் அரைகுறை நகலாகத்தான் வந்து நின்றன. எங்கள் ஆபீசிலும் ஒருமுறை இதே கதை நடந்தது, ஆனால் நாங்கள் திருந்தவில்லை.

மாறிகளுக்கு முன்னால் அடிக்கோடு ஏன் என்று கேட்பீர்கள். புரோலாக்கில் மாறி பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது? அடிக்கோடுதான் வழி. என் பெயர்க்காரணமும் அதுவே.

டொரன்டோரசிகன்:
எல்லாம் சரி, புரோலாக்தான் ஜெயிக்க வைத்தது என்று வைவாவில் சொல்லி வைக்காதீர்கள். 90 சர்வர், 2,880 கோர், 16 டெராபைட் ராம் வைத்துக்கொண்டு ஜெயித்த ஆட்டம் அது. ஒரே பிராசஸரில் ஓட்டினால் ஒரு துப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும், அதை மூன்று நொடிக்குள் கொண்டுவந்ததுதான் சாதனை. பொத்தான் இன்னொரு பக்கம், முதலில் அழுத்துபவருக்குத்தான் பதில் சொல்லும் வாய்ப்பு. துப்பை வாசித்து முடித்ததும் விளக்கு எரியும், அதற்கு முன் அழுத்தினால் கால் நொடி பூட்டிவிடும். மனிதர்கள் குத்துமதிப்பாக அழுத்துகிறார்கள், இயந்திரத்துக்கு விளக்கு எரிந்த கணமே சிக்னல் போய்விடும். ஜென்னிங்ஸுக்குப் பதில் தெரிந்தும் கை முந்தாமல் நின்ற இடங்களை வீடியோவில் பார்த்தால் பாவமாக இருக்கும்.

படிப்பதிலும் கோட்டை விட்டது. முதல் ஆட்டத்தின் இறுதித் துப்பு, தலைப்பு அமெரிக்க நகரங்கள்: பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவர் பெயர், இரண்டாவது பெரியதற்கு அந்தப் போரின் சண்டை ஒன்றின் பெயர். அந்த விமான நிலையங்கள் ஓ'ஹேர், மிட்வே, ஆக சிகாகோ. வாட்சன் எழுதியது கனடாவில் இருக்கும் டொரன்டோ, பின்னால் ஐந்து கேள்விக்குறி! அந்தப் பதிலின் மேல் கட்டிய பந்தயம் வெறும் 947 டாலர் என்பதால் தப்பித்தது.

அடிக்கோடு:
அந்த இடம்தான் சுவாரசியமே. துப்பைத் திரும்பப் படியுங்கள், 'நகரம்' என்ற சொல்லே அதில் கிடையாது, தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது. எந்த வகைப் பதில் வேண்டும் என்று துப்பிலிருந்து கண்டுபிடிப்பதும் இந்தப் பகுதியின் வேலைதான். ஆனால் ஜெப்பர்டியில் தலைப்புகள் பல நேரம் விளையாட்டாக வைக்கப்படுவதால் தலைப்பை ரொம்ப நம்பாதே என்று வாட்சன் பழகியிருந்தது. தனக்கே உறுதி இல்லை என்பதால்தான் அத்தனை கேள்விக்குறி, அவ்வளவு சின்னப் பந்தயம். இறுதிச் சுற்றில் பதில் எழுதியே ஆக வேண்டும், இல்லையென்றால் வாயைத் திறந்திருக்காது. சிகாகோ அதன் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது என்பது கூடுதல் எரிச்சல்.

பழையபக்:
இன்னொன்று, அதற்குக் காது கிடையாது. துப்பு எழுத்தாகத்தான் போகும். ஓரியோ பிஸ்கட் அறிமுகமான பத்தாண்டு எது என்பதற்கு ஜென்னிங்ஸ் இருபதுகள் என்று சொல்லித் தவறான பிறகு, வாட்சன் கூச்சமே இல்லாமல் 1920கள் என்றது. பள்ளியில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி அடி வாங்கியவர்கள் எல்லாம் அன்றைக்கு அதை மன்னித்திருப்பார்கள்.

கடைசிபெஞ்சு:
அடிக்கோடு அண்ணா, நீங்கள் போட்ட விதியை அப்படியே ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் 'நூல் அவரால் வெளியிடப்பட்டது' என்று மாற்றி எழுவாயில் நூலைப் போட்டால் நூல்தான் படைத்தவர் என்கிறது.

அடிக்கோடு:
சரியாகப் பிடித்தீர்கள். அவர்கள் செயப்பாட்டு வினையை முன்கூட்டியே செய்வினையாகத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் புரோலாக்கிடம் கொடுத்தார்கள். நீங்களும் ஒரு விதி எழுதித் திருப்பலாம்.

கடைசிபெஞ்சு:
எழுதிவிட்டேன். எண்டர் தட்டி பத்து நிமிடம் ஆகிறது, திரையில் ஒரு செங்குத்துக் கோடு மட்டும் நிற்கிறது. ரொம்பப் பெரிய கணக்கோ?

பழையபக்:
கடைசியில் புள்ளி வைத்தாயா?

கடைசிபெஞ்சு:
இல்லை.